ஒரு சொட்டும் கசியாத படகு

மகனே,

இதை எழுதும்போது உனக்குப் பதினோரு மாதம். எதிரே பாயில் குப்புறக் கிடந்து என் பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் சப்பிக்கொண்டிருக்கிறாய். நான் பேசுவது அந்த உன்னிடம் இல்லை. மீசை முளைத்து, சம்பளம் வாங்கி, அடுத்தவனுக்கு யோசனை சொல்லும் வயதுக்கு வந்துவிட்ட உன்னிடம். உறை ஒட்டி உன் அம்மாவிடம் கொடுத்து, டிரங்குப் பெட்டியில் என் ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு அடியில் வைக்கச் சொல்லப்போகிறேன். நாளை மறுநாள் காலை அரியலூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில், அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து சவூதி. லப்பைக்குடிக்காட்டு சலீம் பாய் விசாவைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம். பிரிவுத் துயரம் எழுதுவதற்காக உட்காரவில்லை. எனக்கு அது எழுத வராது. கொள்ளிடத்து மணலில் ஒரு படகு நிற்கிறது. அதைப் பழுது பார்த்தவன் நான். தண்ணீர் வந்ததும் அதில் உன்னையும் ஏற்றப்போகிறார்கள். அதற்காக எழுதுகிறேன்.

நம் குடும்பத்துப் படகு பெரியதில்லை. இலுப்பைப் பலகை, பதினெட்டு அடி நீளம். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் உன் பெரியப்பா சூசை அதில் வலை போடுவார். கெண்டையும் கெளுத்தியும் ஏலாக்குறிச்சி வரைக்கும் விலை போகும். குறுவை நடவு தொடங்கிவிட்டால் காலையில் நம் கரைப் பெண்களை ஏற்றி அக்கரை வயல்களுக்கு இறக்கிவிட்டு, பொழுது சாயத் திரும்பக் கூட்டி வருவார். மாசிக்குப் பிறகு ஆறு வற்றிவிடும். வைகாசி வரைக்கும் படகு மணலில்தான். அந்த வெயிலில் பலகை சுருங்கும். இரண்டு பலகைக்கு நடுவில் பென்சில் நுழையும். வருஷா வருஷம் மாணிக்கம் ஆசாரி வந்து, பழைய பருத்தித் துணியைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய குழம்பில் தோய்த்து, அந்த இடுக்குகளில் உளி வைத்து அடித்து இறக்குவார். மேலே ஆண்டிமடத்தில் வாங்கி வந்த முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய். கையில் பட்டால் கொப்புளிக்கும், ஆனால் பூச்சி கிட்டே வராது. அதற்கப்புறம் ஆற்றில் மிச்சமிருக்கும் மடுவில், மணல் மூட்டை ஏற்றி ஒரு வாரம் படகை முழுக அமுக்கி வைப்பார்கள். பலகை தண்ணீர் குடித்து உப்பி, துணியை நெருக்கி, தானே அடைத்துக்கொள்ளும். மிதக்க வேண்டிய படகை வேண்டுமென்றே மூழ்கடித்துவிட்டு ஒரு வாரம் பீடி குடித்துக்கொண்டு காத்திருக்கிற இந்த வேலையைப் பார்த்தால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே எரிச்சல் வரும்.

இந்த வருஷம் ஆசாரிக்கு வேறு ஊரில் தேர் வேலை. வைகாசி கடைசியில்தான் வர முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு விசா வந்த நேரம். போவதற்கு முன்னால் அண்ணனுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வேகம். அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். நேராகச் சொன்னால், ஆசாரி இல்லாமல் முடியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் காத்திருக்கலாம் என்றார். நான் விடவில்லை. சிமெண்ட் ஆலையில் பிட்டர் வேலை பார்ப்பவனுக்குச் சிமெண்டுக்கா பஞ்சம்? நம் பக்கத்தில் சுவர் வெடித்தாலும், தொட்டி ஒழுகினாலும், மாட்டுத் தொழுவத்தில் குழி விழுந்தாலும் மருந்து ஒன்றுதான். நானும் அதையே எடுத்துப் போனேன். உள்ளே மக்கிப்போயிருந்த ஒரு பலகையை மாற்றினேன். எல்லா இடுக்கிலும் இருந்த பழைய துணியைக் கொக்கி போட்டுப் பிடுங்கி எறிந்தேன். மணல் சலித்து, கலவை கெட்டியாகப் போட்டு, கரணையால் நெருக்கி இறக்கி, மூன்று நாள் ஈரச்சாக்கு போர்த்தி, அப்புறம் வெயிலில் காயவிட்டேன். பின்பக்கத்தில் சட்டம் அடித்து, கிணற்றுப் பாசனத்துக்கு வைத்திருந்த பழைய மண்ணெண்ணெய் இன்ஜினை ஏற்றி, நீண்ட ஷாப்ட் கொடுத்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியை நானே வெட்டி மாட்டினேன். இனிமேல் கழி ஊன்ற வேண்டாம். ஊறப்போடவும் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நான் சொன்னது அது.

உன் பெரியம்மா ஆரோக்கியம் கஞ்சித் தூக்கோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாய் அதிகம், உனக்கே தெரிந்திருக்கும்.

“என்ன கொழுந்தனாரே, கல்லறைக்குப் பூசுற மாதிரி பூசுறீங்க. செலுவை மட்டும்தான் பாக்கி.”

மணலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பேசாமல் இருந்திருக்கலாம். ஒழுகுகிறதா இல்லையா என்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். மாற்றிய பலகையில் மிஞ்சிய இரண்டு துண்டை எடுத்து, அதே மாதிரிக் குறுக்குச் சட்டத்தில், அதே ஆணியால் அடித்து, நடுவில் அதே கலவையை நிரப்பி, காயவைத்து, நாம் குடியிருக்கும் அரியலூருக்கு எடுத்து வந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் டிரம்மில் முழுக அமுக்கிவிட்டேன். பத்து நாள் ஊறிய பலகையை அண்ணி முன்னால் கொண்டு போய்ப் போட வேண்டும் என்பதுதான் திட்டம்.

முதல் மூன்று நாள் தினமும் தூக்கிப் பார்த்தேன். இடுக்கு கல் மாதிரி இருந்தது. நான்காம் நாள் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் நகம் போகிற இடைவெளி. டிரம்மின் அழுத்தம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள், போன வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தம். காயாத விறகு அடுப்பில் வெடிப்பது போல. உன் அம்மா சமையலறையிலிருந்து என்னவென்று கேட்டாள். தூக்கிப் பார்த்தேன். சிமெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே முழுசாக இருந்தது. ஒரு பக்கப் பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. மறுபக்கப் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு சட்டத்தை விட்டு விலகியிருந்தது.

உனக்கு இந்த மாதிரி விஷயம் புரியுமோ புரியாதோ, எளிமையாகச் சொல்கிறேன். தண்ணீர் குடித்த மரம் அகலத்தில் உப்பும். அதை யாராலும் நிறுத்த முடியாது. நடுவில் துணி இருந்தால் அது நசுங்கி இடம் கொடுக்கும். சிமெண்ட் நசுங்காது. அப்போது மரம் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு ஆணியை விட்டு வெளியே வரும். இதை ஆசாரி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலையில் ஷட்டவுன் வரும்போதெல்லாம், சுழலும் சூளைக்கு உள்ளே செங்கல் அடுக்குவதை நான்தான் நின்று பார்க்கிறேன். இரண்டு கல்லுக்கு நடுவே அட்டை வைத்துத்தான் அடுக்குவோம். சூடேறினால் அட்டை எரிந்து, கல் பெருக இடம் கிடைக்கும். அட்டை வைக்காத ஒருவனை நான் அப்பன் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன். அரியலூர் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளியைக் காட்டி, அது ஏன் என்று உன் அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் பாடம் எடுத்தவன் நான். கல்லுக்கு இடம் விடத் தெரியும், இரும்புக்கு இடம் விடத் தெரியும். சொந்தப் படகுக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாமல் செய்த தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததை எடுத்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

இதில் என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. அந்தப் படகைத் தண்ணீரில் விட்டால் முதல் மூன்று நாள் ஒரு சொட்டும் கசியாது. எந்த வருஷமும் இல்லாத அளவுக்கு உள்ளே காய்ந்து கிடக்கும். ஊரே மெச்சும். தண்ணீர் மொண்டு ஊற்றும் தகரத்தைக் கூட அண்ணன் கரையில் வைத்துவிட்டுப் போவார். நான்காம் நாளோ ஆறாம் நாளோ, பின்னால் இன்ஜின் வேறு அதிர அதிர, நடு ஆற்றில், இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சத்தம் கேட்கும். அப்போது நான் சவூதியில் இருப்பேன்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், கல் ஏற்றும் கன்வேயரின் தடுப்பு வலையை இறுக்கச் சொன்னார்கள். இறுக்காமலே இறுக்கியதாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். மறுநாள் வலை கழன்று, செல்லமுத்து என்ற கூலியாளின் வலது கையில் இரண்டு விரல் போனது. விசாரணையில் சூப்பர்வைசர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நான் பாத்தப்ப சரியாத்தான் சார் இருந்துச்சு” என்றேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. படித்தவன் சொன்னதை யாரும் எடுத்துச் சோதிக்கவில்லை. செல்லமுத்துதான் கவனமில்லாமல் கையை விட்டதாக எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அந்த மூன்று விரல் கையைத் தூக்கி, “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்பான். நான் சைக்கிளை நிறுத்துவதில்லை. உன் அம்மாவுக்கு இது தெரியாது. அண்ணனுக்குத் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். வேலை தெரிந்தவன் பொய் சொன்னால் அது ரொம்ப நாள் நிற்கும், மகனே. யாராவது விழுகிற வரைக்கும் நிற்கும்.

டிரம்மில் பலகை வெடித்த பிறகு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். போனால் துறையில் கூட்டம். பூசை முடிந்து பங்குச் சாமியாரையே கையோடு அழைத்து வந்து படகை மந்திரிக்கிறார்கள். முன்பக்கத்தில் மாலை. இன்ஜினுக்குக் கூட யாரோ பூ வைத்திருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தபோது சொட்டுகள் சிமெண்ட் கோட்டின் மேல் விழுந்து உடனே சுவறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வெள்ளை வேட்டியில் இருந்தார். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“சாமி, எல்லாம் எந்தம்பி கைவேலைதான். ஆசாரி வாசப்படி ஏற வேண்டியதில்ல இனிமே.”

அண்ணனைத் தனியே கூப்பிட்டேன். புளிய மரம் வரைக்கும் வந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஒரு வாரம் ஊறப்போட்டு விடலாமே அண்ணே என்றேன். பாதி உண்மை. பாதி உண்மை சொல்பவன் முழுப் பொய்யனைவிட மோசம். அவன் தன் மனச்சாட்சிக்குக் கொஞ்சம் தீனி போட்டுத் தூங்க வைத்துவிடுவான். அண்ணன் சிரித்தார்.

“நீதானடா வேணாம்னு சொன்ன? ஊருக்குப் போற பயம், ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் வருது. நீ சொன்னா எனக்குப் போதும் தம்பி.”

அண்ணி கொழுக்கட்டை கொடுத்தார். தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். உன் பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தது அவர். அவருக்கு என் மேல் சந்தேகமே கிடையாது. தம்பி படித்தவன் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, ஊறப்போடாமல், தகரம் எடுக்காமல், ஆற்றில் இறங்கிவிடுவார். ஒருத்தன் உன்னை அப்படி நம்பினால் கர்வப்படாதே. பயந்துகொள். அவன் தன் கண்ணை மூடிக்கொண்டான் என்று அர்த்தம்; இனி இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் பார்க்க வேண்டும்.

ஞாயிறு போய், திங்கள் போய், இன்று செவ்வாய். திங்களன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டி வாங்கினேன். போட்டோ எடுத்தேன். ஆசாரி தேர் வேலை முடித்து வந்தால் அவராகவே பார்த்துச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் ஆடிக்குத்தான் வரும், அதற்குள் சவூதியிலிருந்து ஒரு கடிதம் போட்டால் ஆச்சு என்றும் நினைத்தேன். இதெல்லாம் என் புத்தி வேலை செய்த லட்சணம்.

இன்று காலை ரேடியோவில் குடகு மழை பற்றிச் சொன்னார்கள். பத்து மணிக்குத் திருமானூரிலிருந்து வந்த பால்காரர், முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துப் பக்கம் கதவைத் தூக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு வரத்தான் தண்ணீருக்கு நேரம் பிடிக்கும். நாளை மாலைக்குள் நம் துறையைத் தொட்டுவிடும். அவர் போனதும் உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷம். அவளுக்குத் தாய் வீடு அக்கரையில்.

“நல்லதாப் போச்சுங்க. ஒங்கள ரயிலேத்திட்டு நான் ஊருக்குப் போயிடுறேன். ஞாயித்துக்கெழம ஒங்க அண்ணன் படகுலயே இவனத் தூக்கிக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேன். புது இன்சினு, சுருக்கா கொண்டுபோய் வுட்டுருவாரு.”

நாளை புதன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். ஞாயிறு என்பது படகு தண்ணீரில் இறங்கி ஐந்தாம் நாள்.

அப்போதுதான் பேனாவை எடுத்தேன். முதலில் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்; இதை முடித்ததும் சொல்லிவிடுவேன். ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், எனக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் போகும்போதே திரும்பவும் ஒரு பாதி உண்மையைத் தயார் செய்துவிடுவேன். எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் பொய் சொன்னால் அதை உன்னிடமே சொன்னதாக ஆகிவிடும்.

சொல்வதால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துவிட்டேன். இறுகிய சிமெண்டை உளி வைத்து உடைத்தால் பலகை விளிம்பெல்லாம் சேர்ந்து பெயரும். துணி திணிக்க விளிம்பே இருக்காது. ஆசாரி வந்து பலகைக்குப் பலகை மாற்றினால்தான் உண்டு. தண்ணீர் வரும் நேரத்தில் இலுப்பைப் பலகை எங்கே கிடைக்கும்? இந்தப் பருவம் அண்ணனுக்குப் படகு இல்லை. வலை இல்லை, நடவுக்கு ஆள் ஏற்றுவதும் இல்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தீர்த்தம் தெளித்த படகை இரண்டே நாளில் தம்பி உடைத்தான் என்று ஊர் பேசும். அண்ணியின் வாயை நினைத்தால் இப்போதே காது எரிகிறது. அண்ணன் திட்டமாட்டார். அதுதான் கஷ்டம். என் முகத்தைப் பார்ப்பார். இத்தனை வருஷம் என்னைப் பார்த்த பார்வையை அத்தோடு மாற்றிக்கொள்வார். அந்தப் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நான்கு நாளாக ஒரு படகுப் பெண்களையும், அவரையும், உன் அம்மாவையும், உன்னையும் பணயம் வைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

இரண்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். பையில் இரண்டு உளியும் சுத்தியலும் வைத்துவிட்டேன். வெடித்த பலகையைச் சாக்கில் சுற்றியிருக்கிறேன். இன்னும் ஈரம் காயவில்லை. வாயால் சொன்னால் ‘பயம்டா ஒனக்கு’ என்று அண்ணன் மறுபடியும் சிரித்துவிடுவார். பலகையைக் காட்டினால் சிரிக்க முடியாது. சொல்லிவிட்டு அங்கேயே, எல்லோரும் பார்க்க, முதல் அடியை நானே அடிப்பேன். ஒரு பலகை பெயர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் அதை ஆற்றில் தள்ள முடியாது. போகும் வழியில் செல்லமுத்து கடைத்தெருவில் நின்றால் நிறுத்துவேனா என்று தெரியவில்லை. அதை இதில் எழுதி வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்றைக்கு ஒன்றுதான் முடியும் போலிருக்கிறது.

நீ ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாய்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து உன் பெரியப்பாவிடம் போ. அந்த வருஷம் தண்ணீர் வருவதற்கு முன்னால் அப்பா உளியோடு வந்தாரா என்று கேள். வந்தான், நல்ல படகை உடைத்தான், ஒரு பருவப் பிழைப்பைக் கெடுத்துவிட்டு ரயிலேறிப் போனான் என்று அவர் சொன்னால், குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுக்கொள். எனக்காக வக்காலத்து வாங்காதே. என் பெயரைச் சொல்லி அவர் உன்னைத் திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறார் என்பது எனக்குப் போதும்.

கேட்க அவர் இல்லை என்றால், அந்தக் கதையை உனக்கு வேறு மாதிரி சொல்லி வளர்த்திருப்பார்கள். ஆற்று வெள்ளம் என்பார்கள், விதி என்பார்கள். நம்பாதே. இரண்டரை மணி பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அதுதான் நடந்தது.

அப்பா